நாய்க்குச் சொறியா? மருந்துக்கு முன்னால் முடி கொட்டிய இடத்தைப் பாருங்கள்

நாய் விடாமல் சொறிந்து, முடி திட்டுத் திட்டாகக் கொட்டினால் நெல்லைப் பக்கத்தில் பலர் முதலில் தேடுவது வண்டியில் வடித்த கழிவு ஆயிலைத்தான். தயவுசெய்து அதைப் பூசாதீர்கள். மண்ணெண்ணெயும் கற்பூர எண்ணெயும் வேண்டாம். நாய் உடம்பை நக்கும். பூசியது வயிற்றுக்குள் போய் விஷமாகும். தோல் வெந்து புண்ணாவது வேறு. சொறி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் நாலைந்து நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை முற்ற வைக்கும்.

பகல் வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளித் தோலைப் பாருங்கள்.

வாலடியிலும் இடுப்பிலும் கொட்டியிருந்தால் பெரும்பாலும் தெள்ளு. பேன் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். நாயின் ரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

காதோரம், முழங்கை, அடிவயிறு ஆகிய இடங்களில் கொட்டி, ராத்திரித் தூக்கமே இல்லாமல் நாய் சொறிந்தால் சொறிப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். காது மடலின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. வீட்டு ஆட்களுக்கும் கையிலோ வயிற்றிலோ அரிக்கும் சிவப்புப் புள்ளிகள் வரலாம். தோலைச் சுரண்டிப் பார்த்தாலும் இந்தப் பூச்சி பல நேரம் சிக்காது. அதனால் 'பூச்சி இல்லை' என்று முடிவு வந்தாலும் மருத்துவர் மருந்து கொடுப்பது சரிதான். வீட்டில் எத்தனை நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள்; ஒன்றை விட்டால் திரும்பவும் வரும்.

குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரமும் முன்னங்காலிலும் முடி போய், அரிப்பு அதிகம் இல்லை என்றால் அது பெரும்பாலும் டெமோடெக்ஸ், அதாவது மயிர்க்காலுக்குள் வாழும் நுண்ணிய பூச்சி. பிறந்த சில நாளில் தாயிடமிருந்து வருவது, மனிதருக்கு ஒட்டாது. ஒன்றிரண்டு சிறு திட்டுகள் தானாகவே ஆறிவிடும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: அரிப்பு அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டால் உடல் எதிர்ப்பு குறைந்து, பூச்சி உடம்பெங்கும் பரவும். என்ன நோய் என்று தெரியாமல் அந்த ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள்.

வட்டமாகச் செதில் உதிரும் திட்டு படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கு ஒட்டும். புளித்த வாடையும் பிசுக்கும் இருந்தால் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு பெரும்பாலும் கேட்கும், ஆனால் நுரையை 10 நிமிடம் ஊறவிட்டுத்தான் அலச வேண்டும். போட்டதும் கழுவிவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்பவர்களே அதிகம். அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல முடி போனால் தைராய்டுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லாப்ரடார் போன்ற அடர்முடி நாய்களைத் தோல் வரை துவட்டுங்கள். ஈரம் தங்கிய இடம் ஒரே நாளில் கசியும் புண்ணாகிவிடும்.

உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சிக்கு இப்போது மெல்லும் மாத்திரைகள் உண்டு. எடைக்குத் தக்க அளவு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் உயரமாக இருந்தாலும் ஒல்லி. கண்ணால் மதிப்பிட்டால் அளவு கூடிப்போகும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் மிச்சத்தைக் குத்துமதிப்பாகப் போடுவது ஆபத்து. கோலி இன நாய்களுக்கு உயிரே போகலாம்.

நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. உண்ணி சுவர் வெடிப்பிலும் கோணிச் சாக்கிலும்தான் முட்டையிடும். சாக்கை எரித்துவிடுங்கள், வெடிப்பைப் பூசி அடையுங்கள். படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.

நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போகும்போது குளிப்பாட்டியோ எண்ணெய் தடவியோ கொண்டுபோகாதீர்கள். சுரண்டி எடுக்கும் மாதிரி கெட்டுவிடும். உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சுருண்டு, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தோலை விட்டுவிட்டு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.