வரி ஊசலாடும் காலத்தில் சாயக்கழிவைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கா வரியை ஏற்றினால் திருப்பூருக்கு ஆர்டர் குறையும், ஆர்டர் குறைந்தால் சாயக்கழிவும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். மொத்தக் கழிவு குறையலாம்தான். ஆனால் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு கழிவு என்று பார்த்தால் அது கூடியிருக்கலாம், அதனால் இந்த இரண்டு கணக்கையும் முதலிலேயே பிரித்து வையுங்கள்.

அப்புறம் தேதிகள். வரி அமலான நாளை மட்டும் குறித்தால் போதாது. 2025 ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருட்களுக்கு 26 சதவீத வரி என்று அறிவித்தார்கள், ஒரே வாரத்தில் 90 நாள் நிறுத்தி வைத்தார்கள், ஆகஸ்ட் 7 முதல் 25 ஆனது, ஆகஸ்ட் 27 முதல் 50. நடுவில் இருக்கும் அந்தக் குழப்ப வாரங்கள்தான் முக்கியம். வரி ஏறுவதற்குள் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்டால், சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவை மீறித் தண்ணீர் வரும். ஆர்டர் நின்றால், தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்கே இரை போதாது. கடன் தவணையும் சம்பளமும் குறையாததால் ஒரு லிட்டருக்கான செலவு ஏறும். அடுத்த ஆண்டு என்ன வரி என்றே தெரியாதவர் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் புது ஆர்ஓ மெம்பரேன் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். உற்பத்தியைவிட இந்தத் தள்ளிப்போடலைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன்.

இதை எப்படிப் பிடிப்பது? சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பது விதி. ஆர்ஓவில் கழித்த உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி வற்றவைக்க வேண்டும், அதிகம் செலவு பிடிக்கும் இடமும் அதுதான். எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் மாதவாரியாக உள்வந்த நீர், எவாப்பரேட்டர் ஓடிய மணி, மின் யூனிட், வெளிவந்த உப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். நீர் குறையாமல், ஒரு லட்சம் லிட்டருக்கான மின்சாரமும் உப்பும் சேர்ந்தே சரிந்தால், காய்ச்சாமல் வெளியே விடுகிறார்களோ என்று சந்தேகப்படலாம். மின்சாரம் மட்டும் குறைந்தால் புது இயந்திரம் வந்திருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடாமல் எதையும் வரியின் தலையில் கட்டாதீர்கள். எப்படி ஒப்பிடுவது என்பதற்கு ஒரு உதாரணம்: சீனாவுக்கான சலுகை வரியை அமெரிக்கா 2001 வரை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தது. ஒரு ஆண்டு மறுத்திருந்தாலும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயர்ந்த வரி பாய்ந்திருக்கும். 2002 முதல் சலுகை நிரந்தரமானது. வரி பெரிதாக மாறவில்லை, பயம் மட்டும் போனது. அந்தப் பயம் அதிகமாக இருந்த தொழில்களையும் குறைவாக இருந்தவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் ஆய்வாளர்கள் அந்தப் பயம் போனதன் விளைவை அளந்தார்கள். இங்கேயும் அமெரிக்க ஆர்டரை நம்பும் பட்டறைகளையும், ஐரோப்பாவுக்கோ உள்நாட்டுக்கோ துணி சாயமிடும் பட்டறைகளையும் அப்படி வையுங்கள். சாயமிடுவது பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது பிறர் துணிக்குக் கூலிக்குச் செய்யும் வேலை என்பதால் யாருடைய துணி என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லார் தண்ணீரும் கலந்துவிடும், ஆகவே சொந்த நிலையம் வைத்திருப்பவர்களை எடுப்பது நல்லது.

நொய்யல் ஆற்றிலும் அளக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும்: ஊருக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், ஒரே காலையில். மழைத் தண்ணீர் கலந்தால் உப்பு நீர்த்துவிடும் என்பதால் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், மழையளவையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி விவசாயம் பாழானதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊருக்குத் தெரியும். அந்த அளவுக்குப் போகவிடாமல், எண்கள் விலகத் தொடங்கிய மாதத்திலேயே தேதி, இடம், அளவு போட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.