மீதியில் தொடங்கும் எண் கோட்பாடு

முழு எண்களின் பண்புகளை ஆராயும் எண் கோட்பாட்டைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புபவர்கள் பெரும்பாலும் பகா எண்களிலிருந்தே தொடங்குகிறார்கள். வகுத்தலில் எஞ்சும் மீதியே அதைவிட எளிய வாசல் என்பது என் கருத்து. அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். கணிப்பானைத் தொடக்கத்தில் தள்ளி வைப்பதே நல்லது.

முதலில், பள்ளியில் மனப்பாடம் செய்த விதி ஒன்றை எடுத்து, அது ஏன் சரி என்று கேளுங்கள்: இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 9-ஆல் வகுபடும். 10, 100, 1000 ஆகியவற்றை 9-ஆல் வகுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி 1 வருவதால், 4572 தரும் மீதியும் 4+5+7+2, அதாவது 18 தரும் மீதியும் ஒன்றே; 18 மீதியின்றி வகுபடுவதால் 4572-உம் வகுபடுகிறது. 11-க்கான விதியை இதே வழியில் நீங்களே கண்டுபிடிக்கலாம். 10 என்பது 11-க்கு ஒன்று குறைவு என்பதே அதற்கான துப்பு.

அடுத்து யூக்ளிடின் வழிமுறை. 252, 198 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண, பெரியதைச் சிறியதால் வகுத்து, வந்த மீதியால் முந்தைய வகுஎண்ணை மீண்டும் வகுத்துக்கொண்டே போனால் 54, 36, 18 என்று மீதிகள் குறைந்து பூச்சியத்தில் முடியும். பூச்சியத்துக்கு முந்தைய 18-தான் விடை.

இனி வர்க்க எண்களுக்கு வாருங்கள். இங்கே ஒரு வாரமாவது தங்கலாம். 1, 4, 9, 16, 25, 36 என எழுதி, ஒவ்வொன்றையும் 4-ஆல் வகுத்த மீதியை அடியில் குறியுங்கள். 1, 0, 1, 0 என்றே வந்துகொண்டிருக்கும். இரட்டைப்படை எண் 2k எனில் அதன் வர்க்கம் 4k². ஒற்றைப்படை எண் 2k+1 எனில் அதன் வர்க்கம் 4(k²+k)+1. ஆகவே இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 ஆகலாமே தவிர, 3 ஆக வழியே இல்லை. 2027-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே அதை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது என்று ஒரு கூட்டலைக்கூடச் செய்து பார்க்காமல் சொல்லிவிடலாம்.

அட்டவணையில் தெரியும் ஒழுங்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. n²+n+41 என்ற கோவையில் n-க்கு 0 முதல் 39 வரை எதைக் கொடுத்தாலும் பகா எண்ணே கிடைக்கும்; 40-ஐக் கொடுத்தால் 1681, அதாவது 41×41 வந்து நிற்கும். நாற்பது எடுத்துக்காட்டுகள் ஒரு நிரூபணத்துக்கு ஈடாகாது என்பதைக் கையால் கணக்கிட்டு உணர்ந்தவர் மறக்கமாட்டார்.

அதன்பின் மறுபக்கத்தைப் பாருங்கள்: 5=1+4, 13=4+9, 17=1+16, 29=4+25. 4-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்கள் அனைத்தும் இப்படிப் பிரியும் என்று கணிதவியலாளர் ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அதை நிரூபித்தது நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகுதான். நீங்கள் இப்போதைக்கு 100-க்கு உட்பட்ட அத்தகைய பகா எண்களை மட்டும் பிரித்துப் பாருங்கள், மொத்தம் பதினொன்றுதான்.