நீச்சல் பழக்கும்போது பின்னால் நகராதீர்கள்

போன விடுமுறையில் முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் குளிக்கப் போனபோது, ஒரு இளம் தகப்பன் தன் ஐந்து வயது மகனுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழைகள், அதே வரிசையில். பிள்ளையைத் தனியே விடக்கூடாது, ஆழத்தில் இறக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கூப்பிட்டுவிட்டு விலகுவது

"அப்பாட்ட வா" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். பிள்ளை காலை உதைத்து உதைத்து வருகிறது. விரல் தொடப்போகும் நேரத்தில் ஓரடி பின்னால் வைக்கிறோம். அப்புறம் இன்னோரடி. எவ்வளவு தூரம் நீந்திவிட்டாய் என்று காட்டத்தான் செய்கிறோம். பிள்ளைக்குத் தூரக் கணக்கு தெரியாது. பிடிக்கப்போன கை விலகியது மட்டும்தான் தெரியும்.

என் மூத்தவளுக்கும் இப்படித்தான் செய்தேன். மூன்றாவது அடியில் என்னைத் தேடித் தலையை நிமிர்த்தினாள். தலை நிமிர்ந்தால் கால் தாழும். தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் அழவில்லை, ஆனால் என் தோளில் அவள் நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. அந்த மாரி முடிந்து அடுத்த சிறுபோகம் (கோடை நெற்செய்கை) வரும்வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டாள். இன்றும் யாராவது அப்படிப் பின்னால் நகர்வதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

பிறகு அலைகரைப் பக்கம், அவள் இடுப்பளவு தண்ணீரில், சேற்றில் ஒரு பூவரசங் கம்பைக் குத்தினேன். முதலை நடமாட்டம் இல்லை என்று மீன் பிடிப்பவர்களிடம் முதலே கேட்டுக்கொண்டேன். கம்பில் முதுகு முட்ட நின்று கூப்பிட்டேன். அவள் முதலில் கம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு வந்தாள். நாலாம் நாள் அவளே சொன்னாள்: "கம்பைத் தள்ளிக் குத்துங்கோ அப்பா." தூரத்தைக் கூட்டுவதைப் பிள்ளையிடமே விடுங்கள்.

மூச்சை அடக்கச் சொல்வது

கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை முக்கும் பிள்ளை, வெளியே வந்ததும் மூச்சை விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாமல் திணறும். தண்ணீருக்குள்ளேயே மூச்சை ஊதி விடப் பழக்குங்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் போதும். முகத்தை வைத்துக் குமிழி விடுவது அவர்களுக்கு நல்ல விளையாட்டு.

ரியூப்

காற்றடைத்த அந்த வளையத்தில் பிள்ளை நிமிர்ந்து தொங்கும். நீந்துவதற்கு உடம்பு படுக்க வேண்டும். விளையாட்டுக்குச் சரி, ஆனால் அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

குளிர்

பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடம்பு கெதியாகக் குளிர்ந்துவிடும். பல் கிட்டும்வரை வைத்திருந்தால், நாளைக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம்தான் ஞாபகம் வரும். "இன்னும் ஒருக்கா" என்று கேட்கும்போதே ஏற்றித் துவாயைச் சுற்றிவிடுங்கள்.

துருசுப் பக்கம்

குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடும் மதகு அது. திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வேண்டாம்.

ஆற்றில் மணல் அள்ளிய இடம்

ஓரடியில் முழங்கால், அடுத்த அடியில் தலைக்கு மேல்.

குளம் நிரம்பி வான் பாயும் நாட்கள்

கலங்கல் தண்ணீரில் பிள்ளையின் கால் உங்களுக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியட்டும்.