ஒரு திறன்பேசி, ஒரு புரொஜெக்டர் போதும்: தமிழ்ப்பள்ளி வகுப்பில் மின்னியல் கருவிகள்

ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் செயலிகளின் பெயர்கள் நிறைய கிடைக்கும். கஹூட், வேகிரவுண்ட் (முன்பு குவிசிஸ்), வோர்ட்வால், பேட்லட், கேன்வா என்று பட்டியல் நீளும், குறிப்பேடு நிரம்பும். ஆனால் திங்கட்கிழமை காலை ஆண்டு 4 வகுப்பில் நுழைந்ததும் அதில் எதை எடுப்பது என்று தெரியாமல் பழையபடி வெண்பலகைக்கே திரும்பிவிடுகிறோம். பினாங்கில் நான் பேசும் ஆசிரியர்களில் பலர் இதையேதான் சொல்கிறார்கள். கருவியிலிருந்து தொடங்குவதால் வருகிற சிக்கல் இது. பாடம் எந்த இடத்தில் மாணவர்களுக்கு முட்டுகிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒன்றைத் தேடுங்கள். முட்டாத இடத்தில் கருவி தேவையே இல்லை. வாய்மொழியில் ஐந்து நிமிடத்தில் புரிகிற பாடத்துக்கு இருபது நிமிடம் ஸ்லைடு தயாரிப்பது உங்கள் ஓய்வு நேரத்தைத்தான் தின்னும்.

நம் வகுப்பின் நிலைமையையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, அதே ஆண்டு ஜூனில் மலேசியக் கல்வி அமைச்சு டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தைத் திறந்தபோது, நாம் எல்லாரும் அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் இல்லிருப்புக் கற்றலுக்கானவை. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு வீடு. இப்போது முப்பது பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள், மாணவர்கள் பள்ளிக்குத் திறன்பேசி கொண்டுவரக் கூடாது, கணினி அறைக்கு முன்பதிவு வேண்டும், வைஃபை மழை நாளில் ஒரு மாதிரி இருக்கும். நம்மிடம் உறுதியாக இருப்பது ஆசிரியரின் திறன்பேசி, மடிக்கணினி, ஒரு எல்சிடி புரொஜெக்டர். இந்த மூன்றை மட்டும் வைத்து என்னவெல்லாம் முடியும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பிளிக்கர்ஸ் என்ற வினாவிடைச் செயலி. மாணவர் கையில் கருவி இல்லாத வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. அதன் தளத்தில் இலவசமாக அட்டைகளைப் பதிவிறக்கி அச்சிடலாம். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டங்களாலான ஓர் உருவமும் ஓர் எண்ணும் இருக்கும், நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி எழுத்துகள் சிறியதாக இருக்கும். கேள்வியை எல்சிடியில் காட்டுகிறீர்கள், மாணவர் தன் விடைக்கான எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார், நீங்கள் திறன்பேசிக் கேமராவை வகுப்பு முழுக்க மெதுவாக ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார் என்று ஒரே வீச்சில் பதிவாகிவிடும். உருவங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால் பக்கத்து மாணவரின் அட்டையைப் பார்த்துத் திருப்பி வைக்க முடியாது. கையே தூக்காத பிள்ளையும் விடை சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

சில நடைமுறைக் குறிப்புகள். அட்டையைப் பளபளப்பான தாளில் லேமினேட் செய்யாதீர்கள், விளக்கு வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். கொஞ்சம் கெட்டியான சாதாரணத் தாளே போதும். விரல் உருவத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள், முதல் வகுப்பில் இதற்கே ஐந்து நிமிடம் போகும், பரவாயில்லை. வருகைப் பதிவு எண்ணையே அட்டை எண்ணாகக் கொடுத்துவிட்டால் செயலியில் முழுப் பெயர் ஏற்ற வேண்டியதும் இல்லை. வைஃபை ஒத்துழைக்காவிட்டால் திறன்பேசியின் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், படங்களும் காணொளியும் இல்லாததால் அதிகம் செலவாகாது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் உழைப்பு. 'கரைத்துக் குடித்தல்' என்ற மரபுத்தொடரை எடுத்துக்கொள்வோம். விடைகளாக 'முழுமையாகக் கற்றுத் தேர்தல்', 'தாகம் தீரக் குடித்தல்', 'வேலையை விரைந்து முடித்தல்', 'வீணாகச் செலவழித்தல்' என்று வையுங்கள். இரண்டாவது விடை, சொல்லுக்குச் சொல் பொருள் கொள்கிற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, பாதி கேட்டு ஊகிக்கிற பிள்ளையை. தவறான விடைகளை நாமாகக் கற்பனை செய்யாமல் மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்திலிருந்தே எடுத்தால் முடிவு உண்மையாக இருக்கும். பாதிப் பேருக்கு மேல் தவறினால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி ஓட்டுங்கள். மாணவர்களே ஒருவருக்கொருவர் விளக்கி விடை மாறுவது கண்ணெதிரே தெரியும். அந்தப் பதிவு வகுப்பறைசார் மதிப்பீட்டுக்கும் ஆதாரமாகிறது, தனியாக ஒரு சோதனைத்தாள் தேவைப்படாது.

அடுத்து உச்சரிப்பு. லகர, ளகர, ழகரம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் குறியைத் தொட்டால் பேசுவதைத் தட்டச்சு செய்யும். திறன்பேசித் திரையை எல்சிடியில் காட்டி, மாணவரை 'மழை' என்று சொல்லச் சொல்லுங்கள். திரையில் 'மலை' என்று வந்தால் வகுப்பே அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கும். 'கிளி', 'கிழி', 'தலை', 'தழை', 'வாளை', 'வாழை' என்று இணைகளாகத் தயார் செய்துகொள்ளுங்கள். தனிச் சொல்லாக மட்டுமே சொல்ல வைக்க வேண்டும். வாக்கியமாகச் சொன்னால் மென்பொருள் சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும், 'நேற்று மலை பெய்தது' என்று சொன்னாலும் 'மழை' என்று வரலாம். இதை வைத்து மதிப்பெண் போடவே போடாதீர்கள். கூச்சமுள்ள பிள்ளையின் மெல்லிய குரலையும் மின்விசிறிச் சத்தத்தையும் அது பிரித்தறியாது. விளையாட்டாகப் பயிற்சி செய்வதற்கு மட்டும்.

வாசிப்புக்கு இன்னும் எளிய வழி, திறன்பேசியில் இருக்கிற ஒலிப்பதிவுச் செயலி. ஒரு பத்தியை மாணவர் வாசிக்க, பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள். எங்கே நிறுத்தாமல் ஓடினோம் என்று பிள்ளைக்கே கேட்கும். ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த பதிவை வைத்திருந்து ஆண்டிறுதியில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்தால், அடைவுநிலை எண்ணைவிடப் பெற்றோருக்கு அது அதிகம் சொல்லும். பதிவை வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட வேண்டாம், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள்.

அறிவியலுக்கு ஃபெட், திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முற்றிலும் இலவசம், பல உருவகங்கள் (சிமுலேஷன்கள்) தமிழிலும் இருக்கின்றன. ஆண்டு 5 மின்சுற்றுப் பாடத்தில் உண்மையான மின்கலமும் மின்குமிழும் கொண்டு செய்வதே முதன்மை, அதை இது ஈடு செய்யாது. ஆனால் பள்ளியில் மின்குமிழ் மங்கலாக எரிகிறதா, மின்கலம் தீர்ந்துவிட்டதா என்ற குழப்பம் வரும் இல்லையா, அந்த இடத்தில் இது கைகொடுக்கும். ஒரு மின்குமிழைத் தொடராகச் சேர்த்தால் வெளிச்சம் குறைவதும் பக்கவாட்டில் இணைத்தால் குறையாததும் தெளிவாகத் தெரியும். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் மின்கலம் தீப்பிடிக்கும், வகுப்பு ஆரவாரம் செய்யும், குறுக்குச்சுற்று ஏன் ஆபத்து என்பதை அதற்குப் பிறகு நீங்கள் நீண்ட நேரம் விளக்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் 'என்ன ஆகும்?' என்று கேட்டு ஊகத்தை எழுத வையுங்கள். எழுதாமல் பார்த்தால் அது வெறும் வேடிக்கைதான். உருவகத்தைக் கோப்பாகப் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். தமிழ் மொழிபெயர்ப்பில் வருகிற கலைச்சொல் நம் பாடநூலிலிருந்து வேறுபடலாம், வகுப்புக்கு முன் ஒருமுறை பார்த்துப் பாடநூல் சொல்லைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

வாசிப்பு நூல்கள் போதவில்லை என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள குறை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்துக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கலாம், அச்சிடலாம், மாற்றியும் எழுதலாம். தமிழ்நாட்டு வழக்குச் சொற்கள் வரும்போது பிள்ளைகள் முழிப்பார்கள். அதைத் தடையாக நினைக்காமல், அந்தச் சொல்லை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று கேளுங்கள், நல்ல பேச்சுப் பாடம் அமையும். மாணவர்களே படங்களுக்கு வேறு கதை எழுதுவது வளப்படுத்தும் நடவடிக்கைக்கு ஏற்றது. குறைநீக்கல் மாணவர்களுக்கு நிலை 1 கதைகளை எல்சிடியில் பெரிய எழுத்தில் காட்டிச் சேர்ந்து வாசியுங்கள். பாடநூல்களின் மின்பதிப்பு டெலிமாவிலேயே இருக்கிறது, பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்ட அதுவே போதும்.

காணொளியைப் பற்றிச் சுருக்கமாக. யூடியூப் பக்கத்தை நேரே திறக்காதீர்கள், ஓரத்தில் என்ன பரிந்துரை வரும் என்று யாருக்கும் தெரியாது. கூகுள் ஸ்லைட்ஸில் காணொளியைச் செருகித் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் குறித்துவிட்டால் வேண்டிய பகுதி மட்டும் ஓடும். பாடத்தைத் தொடங்கி வைக்கும் பீடிகைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கட்டுரைப் பாடத்துக்கு நான் மிகவும் பரிந்துரைப்பது கூகுள் மேப்ஸ். ஜார்ஜ்டவுனில் லெபோ குயின் (குயின் தெரு) போய், திரை ஓரத்தில் இருக்கிற மஞ்சள் பொம்மையைத் தெருவில் இறக்குங்கள். 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயில் வாசலில் நின்று சுற்றிப் பார்க்கலாம், லிட்டில் இந்தியாவின் பெயர்ப்பலகைகளை வாசிக்கலாம். கணினியில் திறந்தால் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்க முடியும். எந்தக் கடை மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று மாணவர்கள் தேடித் தேடிச் சொல்வார்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று வெறுமனே சொல்வதைவிட, இந்தத் தெருவைக் காட்டிவிட்டுச் சொன்னால் கட்டுரையில் சொந்த வரிகள் வரும். பிறை, நிபோங் திபால் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊர்த் தெருவையே எடுத்துக்கொள்ளலாம்.

இனி, பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லாத ஒரு விஷயம்: தமிழ் எழுத்து. பள்ளிக் கணினியில் இருக்கிற பழைய கேள்வித்தாள்கள் பல, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் இல்லாத எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அப்படியே நகலெடுத்துக் கூகுள் ஃபார்ம்ஸில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிய பின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். அச்சுத்தாள் மட்டும் இருந்தால் கூகுள் லென்ஸால் படம் பிடித்து எழுத்தாக்கலாம், அதிலும் திருத்தம் தேவைப்படும்.

இதைவிட நுணுக்கமானது, கணினி அறையில் குறுவிடைக் கேள்வி வைக்கும்போது வருவது. 'கொ' என்ற எழுத்தில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்த குறியீட்டை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். அதுபோல 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' இரண்டையும் சேர்த்து அடிக்கிற பிள்ளைகளும் உண்டு, காலுக்குப் பதில் 'ர' அடிப்பவர்களும் உண்டு. சரியாக விடை எழுதிய பிள்ளைக்கு இயந்திரம் சுழியம் போட்டால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? ஆகவே தானாகத் திருத்தும் கேள்விகளைப் பல்தேர்வாக வையுங்கள். குறுவிடைதான் வேண்டும் என்றால் விடைக்குறிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைச் சேர்க்க ஃபார்ம்ஸ் இடம் தருகிறது, மாணவர்களின் விடைத்தொகுப்பைப் பார்த்து விடுபட்ட வடிவங்களையும் சேருங்கள், முடிவை அதற்குப் பிறகுதான் வெளியிட வேண்டும். கேன்வாவில் பயிற்சித்தாள் செய்பவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற தமிழுக்கென்றே வடித்த எழுத்துருக்களைத் தேர்ந்தெடுங்கள். கீழ் ஆண்டுகளுக்கு அலங்கார எழுத்துரு வேண்டவே வேண்டாம், 'ண'வும் 'ன'வும் சுழி எண்ணும்படி தெளிவாகத் தெரிய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை வாக்கியப் பயிற்சி, சூழல் கேள்வி தயாரிக்கப் பயன்படுத்தலாம், நேரம் மிச்சமாகும். ஆனால் குறள், பழமொழி, மரபுத்தொடர் பொருள் இவற்றை அவற்றிடம் கேட்டு அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். 1330 குறளிலும் இல்லாத ஒரு குறளை அழகாக எழுதிக் கொடுத்துவிடும், எண்ணும் போட்டே கொடுக்கும். செய்யுளும் மொழியணியும் பகுதிக்குப் பாடநூலும் கலைத்திட்ட ஆவணமும்தான் அளவுகோல்.

கடைசியாக, செய்ததைப் பத்திரப்படுத்துவது. டெலிமா கணக்கின் டிரைவில் ஆண்டு வாரியாக ஒரு கோப்புறை திறந்து, கோப்புப் பெயரில் ஆண்டு, பாடம், தலைப்பு மூன்றும் வரும்படி வையுங்கள். 'புதிய கோப்பு 7' என்று கிடந்தால் அடுத்த ஆண்டு உங்களாலேயே தேட முடியாது. அந்தக் கோப்புறையைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் பார்வையிடும் உரிமையோடு பகிருங்கள். மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள கோப்புகளை மட்டும் வேறு கோப்புறையில், யாருக்கும் பகிராமல் வைத்துக்கொள்ளுங்கள்.