‘முதல் கோணல் முற்றும் கோணல்’: வாக்கியத்தில் அமைக்கும் முறை

தமிழ்த் தேர்வில் ‘சொற்றொடரில் அமைத்து எழுதுக’ என்னும் வினாவுக்குப் பிள்ளைகள் ஆண்டாண்டாக எழுதிவரும் விடை ஒன்று உண்டு: “முதல் கோணல் முற்றும் கோணல் என்று ஆசிரியர் கூறினார்.” இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அதே இடத்தில் வேறு எந்தப் பழமொழியை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும் என்பதால், எழுதியவர் பொருளை அறிந்திருக்கிறார் என்பதற்கு அதில் சான்றே இல்லை. என் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது பயன்பட்ட வழியைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: பழமொழியை ஒதுக்கிவைத்து நிகழ்ச்சியை எழுதுங்கள்

எந்த வேலை, தொடக்கத்தில் நேர்ந்த பிழை எது, அதனால் பின்னர்க் கெட்டது எது என்னும் மூன்றும் இருக்க வேண்டும். “கொத்தனார் மூலைமட்டம் வைத்துப் பாராமல் முதல் வரிசைக் கல்லைக் கட்டிவிட்டார், அறை சதுரமாக அமையாததால், டைல்ஸ் பதிக்கும்போது ஒரு பக்கம் முழுவதும் வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.” பழமொழி வருவதற்கு முன்பே பொருள் வந்துவிட்டது.

படி 2: தொடர் பொருந்துகிறதா என்று பாருங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தொடக்கத்தில் வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் இத்தொடர் பொருந்தாது. முதலில் நேர்ந்த பிழையின்மேல் அடுத்தடுத்த வேலைகள் ஏறி அமர்ந்து, அப்பிழையினாலேயே அவையும் கெட வேண்டும். கல் சரியாகக் காயாததால் முதல் தோசை பிய்ந்துபோகும். அடுத்த தோசை அழகாக எழும்பி வரும். அங்கே முதலில் கோணல் இருந்ததே தவிர முற்றும் கோணல் இல்லை.

வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வாடகைக் கப்பலைக் கொண்டு தொடங்கிய அந்நிறுவனத்துக்கு, போட்டியாளரான ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்குதலால் அக்கப்பல் கிடைக்காமல் போயிற்று. ஆயினும் 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908-இல் அவர் சிறைப்பட்ட பின்னர் நிறுவனம் நலிந்ததற்கு அடக்குமுறையே காரணம். அவ்வரலாற்றின்மீது இப்பழமொழியை ஏற்றுவது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். “தொடக்கத்திலேயே விழுந்த முட்டுக்கட்டையைத் தாண்டிக் கப்பல் ஓட்டினார்” என்று எழுதுவதே முறை.

மாறாக, இத்தாலியின் பீசா கோபுரத்துக்கு இத்தொடர் நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. 1173-இல் பணி தொடங்கிய அக்கோபுரத்துக்கு, மென்மையான மண்ணில் ஏறத்தாழ 3 மீட்டர் ஆழத்துக்கே அடித்தளம் இடப்பட்டதால், மூன்றாம் தளம் எழும்போதே சாய்வு தெரிந்தது. பின்னர் வந்தவர்கள் மேல்தளங்களை ஒருபக்கம் உயர்த்திக் கட்டி ஈடுசெய்ய முயன்றதில், கோபுரமே வளைந்தது. முதலில் நேர்ந்த கோணலைத் திருத்தும் முயற்சியும் கோணலாயிற்று.

படி 3: தொடரை இணையுங்கள்

‘என்பது போல’, ‘என்ற கதையாக’, ‘என்றாகிவிட்டது’ என மூன்று இணைப்புகள் வழக்கில் உள்ளன. தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு மூன்றாவதையே பரிந்துரைப்பேன். அதில் பழமொழியே பயனிலையாகிவிடுவதால், காரணத்தை முன்னால் எழுதியே தீர வேண்டும். “பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியைத் தவறாக எழுதிக் கொடுத்ததால், அடுத்தடுத்து வாங்கிய சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் அதே தேதி ஏறி, முதல் கோணல் முற்றும் கோணல் என்றாகிவிட்டது.”

துணைக்கு அகராதி வேண்டுமானால், பழமொழிகளை வரிசையாக அடுக்கித் தரும் தொகுப்புகளைவிட, 1992-இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் போல எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் நூலையே நாடுங்கள்.

படி 4: பாதித் தொடரையும் பழகுங்கள்

வேலை கெடுவதற்கு முன்பே எச்சரிக்க வேண்டுமானால் ‘முதல் கோணல்’ என்னும் பகுதி மட்டுமே போதும். “அண்ணே, முதல் கோணலை இப்போதே நிமிர்த்திவிடலாம், நூல் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவோம்.” முழுத் தொடரையும் சொன்னால் தீர்ப்பு வழங்கியது போலாகும், வயதில் மூத்தவரிடமும் வேலையில் கைதேர்ந்தவரிடமும் பாதியே பணிவானது.

பின்சேர்க்கை

‘முதற்கோணல் முற்றுங்கோணல்’ என்று அச்சாகியிருப்பதைக் காட்டி, எது சரி என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் சரியே; இது சொற்கள் புணரும்போது லகரம் றகரமாகவும் மகரம் ஙகரமாகவும் திரிந்த வடிவம். ‘முதற்கோணல் முற்றும் கோணல்’ என்று பாதியைப் புணர்த்தியும் பாதியைப் பிரித்தும் எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம்.

திருமண வீட்டில் பந்தி தாமதமானதைப் பற்றி இத்தொடரைக் கொண்டு எழுதலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். மணமக்களின் வாழ்க்கையையே குறிப்பதாக அது காதில் விழக்கூடும். பந்தி தாமதமானது என்று மட்டும் எழுதுங்கள்.