மழை பிடிக்கிறதுக்குள்ள கூரைக்கு அடியில ஒரு தடவ ஏறிப் பாத்துடுங்க: தரைவீட்டு இன்சுலேஷன் வேலை படிப்படியா

அட்டிக் இன்சுலேஷன்னு (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல சூட்டத் தடுக்கப் பஞ்சு அடுக்குறது) தேடினா வர்ற வீடியோ எல்லாம் கனடா, அமெரிக்காதான், அங்க குளிர்காலத்துல வீட்டுக்குள்ள இருக்க சூடு மேல போயிடக்கூடாதுன்னு போடுறாங்க. நம்ம சிங்கப்பூர்ல நேர் எதிர். சூடு ஓட்டுலேர்ந்து கீழ இறங்குது, ஈரம் வெளிக்காத்துலேர்ந்து வருது. அதனால அந்த வீடியோவ பாத்து அப்படியே இங்க செஞ்சா சில விஷயம் தலைகீழா போயிடும், முக்கியமா பஞ்சுல ஒட்டியிருக்க பளபளப்பான அலுமினிய ஃபாயில் எந்தப் பக்கம் இருக்கணும்ங்கிறது. அதப் பத்தி பின்னாடி சொல்றேன்.

டெரஸ் (வரிசையா ஒட்டிக் கட்டின வீடு), செமி-டி (ரெண்டு ரெண்டா ஒட்டின வீடு) மாதிரி ஓட்டுக்கூரை இருக்க தரைவீடுகளுக்குத்தான் இது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடில மேல்மாடியா இருந்தா கூரை நம்ம பொறுப்பு கிடையாது, சீலிங்ல கறை தெரிஞ்சா போட்டோ எடுத்து நகர மன்றத்துக்கு சொல்லிடுங்க.

எப்ப செய்யணும்னா அக்டோபர், தப்பினா நவம்பர் ஆரம்பம். நவம்பர்லயே சாயங்கால இடிமழை ஜாஸ்தி ஆயிடும், டிசம்பர் ஜனவரி வந்தா வடகிழக்குப் பருவக்காத்து, சில சமயம் நாள் கணக்கா விடாம பெய்யும், வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். அரை மணி நேர மழைக்குத் தாங்குற ஓடு கூட அந்த மாதிரி காத்தோட சேந்த மழைக்குத் தாங்காது. அந்த சீசன்ல காத்து வடக்கு, வடகிழக்குலேர்ந்து வர்றதால அந்தப் பக்கம் பாத்த சரிவ முதல்ல பாருங்க.

ஏறுறதுக்கு முன்னாடி

உங்க வீடு எந்த வருஷம் கட்டினதுன்னு தெரிஞ்சுக்குங்க. கட்டுமானப் பொருள்ல ஆஸ்பெஸ்டாஸ் போடுறத இங்க 1989லயே தடை பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி போட்டது பழைய வீடுகள்ல இன்னும் இருக்கலாம். பாதுகாப்புக்கு ரெண்டு வருஷம் சேர்த்தே வச்சுக்குங்க: 1991க்கு முந்தின வீடு, நெளிநெளியா சாம்பல் கலர் ஷீட்டு இருக்குன்னா ஓட்டை போடாதீங்க, தேய்க்காதீங்க, உடைக்காதீங்க. முறையா சோதனை பண்றவங்கள கூப்பிட்டு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் மத்த வேலை.

காலைல 7 மணி வாக்குல ஏறி வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடுங்க, மத்தியானம் ஓட்டுக்கு அடியில இருக்க சூடு மயக்கம் போட வைக்கும். முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி, என்95 மாஸ்க், தலையில மாட்டுற லைட். கீழ ஒருத்தர் ஏணிய பிடிச்சுக்கிட்டு நிக்கணும், தனியா ஏறவே கூடாது. கால் வைக்கிறது சீலிங்கத் தாங்குற மரச் சட்டத்து மேல மட்டும்தான், சட்டத்துக்கு நடுவுல இருக்கறது வெறும் ஜிப்சம் போர்டு, ஆள் வெயிட்ட தாங்காது. ரெண்டு மூணு சட்டத்துக்கு குறுக்க ஒரு பலகைய போட்டுக்கிட்டா உக்காந்து வேலை பாக்கலாம்.

ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க

இதுதான் முக்காவாசி வேலை, இத விட்டுட்டு நேரா கடைக்குப் போய் பஞ்சு வாங்கி அடுக்காதீங்க. கிளாஸ் வுல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, வேலை செய்றதே உள்ள சிக்கி நிக்கிற காத்தாலதான், அந்தக் காத்து இருந்த இடத்துல தண்ணி பூந்துட்டா சூட்ட தடுக்காது, ஏன்னா தண்ணி காத்த விட 20 மடங்குக்கும் மேல சூட்டக் கடத்தும். மேல ஓடு ஒழுக கீழ புது இன்சுலேஷன் போடுறது, நனைஞ்ச கம்பளிய போத்திக்கிற மாதிரிதான்.

சீலிங் கறைய வச்சே பாதி தெரிஞ்சுடும். மழை பெஞ்ச அன்னைக்கு மட்டும் பெருசானா கூரை ஒழுகல். மழையே இல்லாத வாரத்துலயும் ஏர்கான் ஓடுற ரூம்ல ஈரமா இருந்தா அது ஏர்கான் பைப்பு, இல்லன்னா சீலிங் போர்டு மேல தண்ணி கோக்குறது. நம்ம ஊர் காத்துல ஈரம் அவ்வளவு, 24 டிகிரி பக்கத்துல இருக்க எந்தப் பரப்புலயும் தண்ணி முத்து முத்தா பிடிச்சுக்கும், ராத்திரி ஏர்கான 20ல வச்சுத் தூங்கினா போர்டோட மேல்பக்கம் அந்த அளவுக்கு குளிர்ந்துடும். பைப்புக்கு சுத்தியிருக்க கருப்பு ஃபோம் கிழிஞ்சிருக்கான்னு கையால தடவிப் பாருங்க, கிழிஞ்சிருந்தா அந்தத் துண்ட மட்டும் மாத்தி டேப் சுத்தினா போதும். இதத் தெரியாம கூரையே மாத்தணும்னு கோட்டேஷன் வாங்குறவங்க இருக்காங்க, அதான் இவ்வளவு விவரமா சொல்றேன்.

கூரை ஒழுகல்தான்னா, சொட்டுற இடமும் நுழையுற இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, தண்ணி சட்டத்து மேலயே ஓடி வந்து வேற எங்கயோ சொட்டும், மரத்துல இருக்க கறைக் கோட்ட மேல்நோக்கிப் பிடிச்சுக்கிட்டே போங்க. லைட்ட அணைச்சுட்டு பாத்தா வெளிச்சம் புள்ளியா தெரியுற இடமும் சந்தேகம்தான். டெரஸ் வீட்டுல அதிகமா ஒழுகுறது பக்கத்து வீட்டோட சேந்த சுவர்ல கூரை முட்டுற இடம், அங்க தண்ணி நுழையாம அடிச்சிருக்க ஃபிளாஷிங் தகடு விரிஞ்சிருக்கும், அடுத்தது ரெண்டு சரிவு சேர்ற பள்ளம், இலை அடைச்சுக்கிட்டு தண்ணி ஓட்டுக்கு அடியில ஏறிடும். ஓட்டு மேல ஏறி சரி பண்றது நம்ம வேலை இல்ல, பெல்ட்டு கயிறோட வர்ற ஆளுங்கள கூப்பிடுங்க. அந்த வேலைக்கு வர்றவங்கள்ல தமிழ்நாட்டுலேர்ந்து வந்த தம்பிங்களும் உண்டு, விடிகாலையே ஆரம்பிக்கச் சொல்லுங்க, குடிக்க குளிர்ந்த தண்ணி கொடுங்க, வெயில் உச்சியில ஏறச் சொல்லாதீங்க.

கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற கட்டர் இருந்தா இலைய அள்ளிட்டு பிடிஐ கொசு மருந்து போட்டுடுங்க, தேங்குன தண்ணில ஏடிஸ் முட்டை வைக்கும்.

உள்ள யாராவது குடியிருக்காங்களா

கிழக்குல சிக்லாப், ஓப்பரா எஸ்டேட் பக்கம் கூரைக்குள்ள மூசாங், அதாவது மரநாய், குட்டி போட்டு வாழுறது சகஜம். ராத்திரி சீலிங் மேல தடதடன்னு சத்தம், பழக்கொட்டையா கிடக்குற எச்சம், இதெல்லாம் இருந்தா ஓட்டைய உடனே அடைச்சுடாதீங்க, உள்ள குட்டி மாட்டிக்கிட்டு செத்துடும். அனுமதி இல்லாம பிடிக்கிறதும் கொல்றதும் சட்டப்படி குத்தம். தேசியப் பூங்காக் கழகத்துக்கு போன் பண்ணி கேட்டுக்கிட்டு, அது வெளிய போனது உறுதியான பிறகு கம்பி வலை அடிங்க.

இப்பதான் பஞ்சு

நனைஞ்ச பழைய பஞ்ச காய வைக்கலாமான்னு யோசிக்காதீங்க, பூஞ்சை பிடிச்சிருக்கும், கருப்புக் குப்பைப் பையில கட்டி இறக்கிடுங்க. புதுசு ஃபாயில் ஒட்டின கிளாஸ் வுல், இல்லன்னா ராக் வுல் (பாறை இழைப் பஞ்சு), 50 மில்லிமீட்டர் சாதாரணமா கிடைக்கும், இடம் இருந்தா இன்னும் தடியா போடலாம். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகள் வரிசையா இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க. சட்ட இடைவெளிய அளந்துக்கிட்டுப் போங்க, ஏன்னா பஞ்ச அமுக்கித் திணிச்சா உள்ள இருக்க காத்து போயிடும், தடிமன் குறைஞ்சா பலனும் குறையும்.

ஃபாயில் மேல்பக்கம், ஓட்டப் பாத்து. குளிர் நாட்டுல ஈரத்தடுப்ப வீட்டுப்பக்கமா கீழ வைப்பாங்க, ஏன்னா அங்க ஈரம் சமையலறை, குளியலறைலேர்ந்து மேல ஏறுது. இங்க வெளிக்காத்து ஈரம் பஞ்சுக்குள்ள இறங்கி ஏர்கான் குளிர்ச்சில தண்ணியா மாறும், அதத் தடுக்க ஃபாயில் சூடான பக்கத்துல இருக்கணும். ரெண்டு துண்டு சேர்ற இடத்துல அலுமினியம் டேப் ஒட்டுங்க, இடைவெளி விடாதீங்க. ஃபாயிலுக்கும் ஓட்டுக்கும் நடுவுல காத்து இடைவெளி கண்டிப்பா வேணும், ஓட்டோட ஒட்டிக்கிட்டா பளபளப்புக்கு அர்த்தமே இல்ல. மேல தூசி படிஞ்சாலும் வேலை குறையும், வருஷா வருஷம் ஏறுறப்ப மெதுவா துடைச்சு விடுங்க.

சீலிங்ல பதிச்ச டவுன்லைட், அதுக்கு கரண்ட மாத்திக் கொடுக்குற டிரைவர் பெட்டி, பழைய ஒயர் ஜாயிண்ட் இதெல்லாத்தயும் பஞ்சு போட்டு மூடக்கூடாது, சூடு போக வழி இல்லாம தீப்பிடிக்கும், சுத்தி இடம் விட்டு வெட்டுங்க. ஒயர் உரிஞ்சிருந்தா லைசென்ஸ் இருக்க எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க. தாழ்வாரத்துல இருக்க காத்து ஓட்டையயும் அடைக்காதீங்க, அது வழியாதான் ஈரம் வெளிய போகுது.

முடிச்சுட்டு இறங்கினதும் கைய பச்சத்தண்ணில அலசுங்க, தேய்க்காதீங்க, போட்டிருந்த துணிய தனியா துவைங்க. அப்புறம் முதல் பெரிய மழை விடாம பெஞ்ச மறுநாள் காலைல இன்னொரு தடவ ஏறி, முன்ன கறை இருந்த இடத்துல பஞ்ச தூக்கி போர்ட தொட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா சீலிங்குக்கு பெயிண்ட் அடிக்கலாம், ஈரமா இருந்தா பெயிண்ட்காரர நிறுத்திட்டு கூரைக்காரர திரும்பக் கூப்பிடுங்க.