கப்பல் படிப்புக்கு அரசுப் பணம்: எந்த வாசலில் நிற்பது?

வணிகக் கப்பல் பயிற்சிக்கென்று அரசு பெரும்பாலும் யார் கணக்கிலும் நேராகப் பணம் போடுவதில்லை. அந்தப் பணம் மூன்று இடங்களில் கிடக்கிறது: மத்தியப் பல்கலைக்கழகத்தின் இடங்களில், கல்விக் கடனின் வட்டியில், கப்பல் கம்பெனிக்குக் கொடுக்கும் வரிச் சலுகையில். 2025 பட்ஜெட்டில் அறிவித்த 25,000 கோடி ரூபாய் கடல்சார் மேம்பாட்டு நிதி கப்பலுக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்குமானது. அதிலிருந்து மாணவருக்கு உதவித்தொகை வாங்கித் தருவதாக நாகையிலோ வேதாரண்யத்திலோ யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் முன் பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நிறக்குருடு இருந்தால் டெக் (கப்பலைச் செலுத்தும் பிரிவு), இன்ஜின் (இயந்திரப் பிரிவு) இரண்டுமே கிடையாது. டெக் பக்கம் கண்ணாடியில்லாத பார்வைக்கே கண்டிப்பான அளவு உண்டு. இன்ஜின் பக்கம் குறிப்பிட்ட பவர் வரை கண்ணாடி போடலாம். கடைசிச் சான்றை, கப்பல் துறையைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவர்தான் தர வேண்டும், உள்ளூர் டாக்டர் எழுதியது செல்லாது. ஆனாலும் தஞ்சாவூரில் நிறப்பார்வைப் புத்தகத்தை வைத்துப் பார்க்கும் பத்து நிமிடச் சோதனை பல லட்சத்தைக் காப்பாற்றும். கட்டணம் கட்டிய பிறகு மருத்துவத்தில் தோற்பதுதான் இந்தத் துறையில் மிக வேதனையான செலவு.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்த்து 60 சதவீதம், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம் இருந்தால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதலாம். 2008-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னை. மத்திய அரசு நிறுவனம் என்பதால் ஓ.பி.சி.க்கு 27, எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5 சதவீத இடங்கள் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் தவறவிடுவது இங்கேதான். கையிலிருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று இதற்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும், ஆகவே ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வாரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் இடம் போய்விடும்.

கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்று தாசில்தார் சான்று இருந்தால், படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் சேரும் வட்டியை மத்திய அரசின் மானியத் திட்டம் ஏற்கும். அசலை நீங்கள்தான் கட்ட வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிந்தைய தொழிற்படிப்புக்கு மட்டுமே இந்தச் சலுகை. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் (சாதாரண மாலுமி) பயிற்சி இதில் வராது. அதற்கு வயது பதினேழரையிலிருந்து 25, பத்தாம் வகுப்பில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் பாடங்களில் தேர்ச்சியும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் தேவை.

மூன்றாவது வாசல் பலருக்குத் தெரியாது. 2004-இல் வந்த டன்னேஜ் வரி முறையில், கம்பெனி லாபத்துக்கு அல்லாமல் கப்பலின் கொள்ளளவைக் கணக்கிட்டு வரி கட்டுகிறது. அந்தச் சலுகைக்குப் பதிலாகப் பயிற்சி பெறும் அதிகாரிகளைக் கப்பலில் ஏற்றியாக வேண்டும் என்பது சட்டம். ஸ்பான்சர்ஷிப், அதாவது படிப்பு முடிந்ததும் தன் கப்பலில் பயிற்சி தருவதாகக் கம்பெனி கொடுக்கும் உறுதி, கேட்டு எழுதும்போது இந்தியக் கொடி பறக்கும் கப்பல் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு முதலில் எழுதுங்கள். 1961-இல் உருவான இந்தியக் கப்பல் கழகத்தை விடாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் ஊர் ஜனங்களை ஏற்றிப்போன எம்.வி. சிதம்பரம் அந்தக் கழகத்தின் கப்பல்தான்.

ஸ்பான்சர் கடிதம் கையில் இல்லாமல் டெக் அதிகாரியாவதற்கான டி.என்.எஸ். ஓராண்டு டிப்ளமோ படிப்பில் சேருவதற்கு ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். படிப்புக்குப் பிறகு 18 மாதம் கேடட்டாக (பயிற்சியாளராக) கடலில் இருந்தால்தான் அதிகாரித் தேர்வுக்குப் போக முடியும். கப்பல் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே கடன் தவணை தொடங்கிவிடும். இன்ஜினில் நாலு வருட பி.டெக். முடித்தவருக்கு ஆறு மாதக் கடல் பணி போதும் என்பதால் அந்த நெருக்கடி கொஞ்சம் குறைவு.

ஏஜென்ட் விஷயத்தில் ஈவிரக்கம் வேண்டாம். ஆள் எடுக்கும் நிறுவனத்திடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் காலாவதித் தேதியையும் டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவது சட்டப்படி தவறு. டூரிஸ்ட் விசாவில் வளைகுடாவுக்கு அனுப்பி அங்கே கப்பல் ஏற்றுவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சம்பளம் நின்றாலோ விபத்து நடந்தாலோ கேட்க நாதியிருக்காது, அந்தக் கடல் பணி கணக்கிலும் சேராமல் போகலாம்.

பாஸ்போர்ட், இன்டோஸ் எண் (மாலுமியின் பதிவு எண்), சி.டி.சி. (கடல் பணியைப் பதியும் மாலுமிப் புத்தகம்), அடிப்படைப் பாதுகாப்புச் சான்றுகள் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றில் 'கு. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் குமாரசாமி' என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கப்பலை விட்டு இறங்கும் நாளில், ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் மாஸ்டர் (கப்பல் தலைவர்) கையெழுத்தோடு சி.டி.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று கேங்வேயிலேயே, அதாவது இறங்கும் படியிலேயே, பாருங்கள். விடுபட்ட பதிவை ஊருக்கு வந்தபின் வாங்குவது பெரும்பாடு.